மண்ணூட்டுக்காரி

எனக்குச் சுற்றுச்சூழல் மீது பெரிய பிரியமெல்லாம் இருந்ததில்லை. வெக்கையின் மீது பகை இருந்தது, அவ்வளவுதான். திருச்செங்கோட்டில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த வாடகை வீட்டில் பல வருடங்கள் வெந்தோம். பங்குனி பிறந்துவிட்டால் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. குழாயைத் திறந்தால் பொழுது சாயும்வரை வெந்நீர்தான். என் மகள் ஈரத் துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்துத்தான் பரீட்சைக்குப் படித்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. கூரைக்கு ஏதாவது செய்துகொடுங்கள் என்று வீட்டு உரிமையாளரிடம் போய்க் கேட்டேன். “வெயிலுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?” என்று சொல்லிவிட்டு அவர் தன் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சாத்திய கதவின் முன்னால் நின்றபோதுதான் சொந்தமாக வீடு கட்டுவது என்று தீர்மானித்தேன். கோபத்தில் எடுத்த தீர்மானம். அதற்குப் பிறகு நடந்ததும் ஏறக்குறைய எல்லாமே கோபத்தில்தான் நடந்தது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். என் கணவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை. மழை ஓய்ந்ததும் வண்டி வடக்கே கிளம்பிவிடும். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்துவிட்டு, மறுபடி மழை பிடிக்கும்போதுதான் வீடு திரும்புவார். ஆகவே இடம் பார்ப்பது, கட்டுவது, சண்டை போடுவது மூன்றும் என் தலையில் விழுந்தன.

மல்லசமுத்திரம் போகும் சாலையில் புதிதாக ஒரு மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். அதன் பெயரிலேயே ‘பசுமை’ இருந்தது. நுழைவாயிலில் அலங்காரப் பனைகள். பெரிய பலகையில் ஒரு குடும்பம் புல்தரையில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. மேற்கே ஒரு கரடு. அந்தக் கல்குன்றிலிருந்து மழைத் தண்ணீரை இறக்கிக் கொண்டுவரும் ஓடை மனைகளின் ஓரமாகவே ஓடிக் கீழே ஏரிக்குப் போனது. எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். மனை விற்றவர் அதைக் கைகாட்டி, “இது நீரோடைப் பூங்காவா வரப்போகுதுங்க. காத்தால எந்திரிச்சா குருவிச் சத்தந்தான்” என்றார். குருவிக்காக நான் வாங்கவில்லை. பள்ளத்தை ஒட்டிய மனைக்குக் காற்றை மறிக்க யாரும் வரமாட்டார்கள் என்று வாங்கினேன். எல்லா மனைகளையும் விற்று முடித்ததும் அவர் காணாமல் போனார். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பனைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

சேலத்தில் மண்கல்லில் வீடு கட்டித்தரும் பெண் பொறியாளர் ஒருவர் இருப்பதாக என்னோடு வேலை செய்பவர் சொன்னார். அந்தப் பொறியாளர் கட்டிய வீடு ஒன்றைப் பார்க்க ஒரு சித்திரை மத்தியானம் போனேன். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. வாசற்படி தாண்டி உள்ளே போனதும், கிணற்றுக்குள் இறங்கியதைப் போல உடம்பு ஆறியது. வேறு எதையும் நான் கேட்கவில்லை. “எனக்கும் இதே மாதிரி வேணும்” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் அவர். “கட்டறது கஷ்டமில்லை. அக்கம்பக்கத்துல பேசற பேச்சைத் தாங்கணும்.”

நான் சிரித்தேன். பிரசவ வார்டில் வேலை பார்த்தவளுக்குப் பேச்சு என்ன புதிதா என்று நினைத்தேன்.

முறை எளிமையானது. அஸ்திவாரம் தோண்டி எடுத்த செம்மண்ணையே சலித்து, கொஞ்சம் சிமெண்டும் கல்தூளும் கலந்து, கையால் இழுக்கும் எந்திரத்தில் அழுத்திக் கல்லாக எடுப்பார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நிழலில் அடுக்கிச் சாக்கைப் போர்த்தி, காயவிடாமல் தண்ணீர் தெளித்துவந்தால் இறுகிவிடும். சுவருக்கு வெளிப்பூச்சு கிடையாது. அடியில் கருங்கல் கட்டும், மேலே நன்றாக நீட்டிவிட்ட கூரையும் மழையைப் பார்த்துக்கொள்ளும். கூரைக் காங்கிரீட்டின் கம்பிகளுக்கு இடையில் பழைய சீமை ஓடுகளை வைத்துவிட்டால் எடையும் குறையும், வெக்கையும் இறங்காது. இதில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்றுதான் நான் நம்பினேன்.

எந்திரம் வந்து இறங்கிய அன்றே எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். நகர்வாசிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். லாரிகள் வைத்திருந்தவர்; தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நேரத்தை எங்கள் மேல் செலவழித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மத்தியானத்தில் அந்தப் பக்கம் திரும்பினால் கண் கூசும்.

“அம்மிணி, இது என்ன செங்கச் சூளையா?”

“சூளை இல்லீங்க. மண்ணுல கல்லு அழுத்தி எடுக்கறோம். ஊடு கட்டறதுக்கு.”

“மண்ணூடா?”

“ஆமாங்க.”

அவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லாததால் சிரிப்பு சீக்கிரம் நின்றது. “நான் மண்ணூட்டுல பொறந்து, நாயா பேயா லாரி ஓட்டி, இந்த ஊட்டைக் கட்டியிருக்கறேன். நீங்க சர்க்கார் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு மண்ணூட்டுக்குத் திரும்பிப் போறீங்க. எதிர்ல இது நின்னா என்ற ஊட்டை எவன் மதிப்பான்?”

“உங்க ஊட்டை மதிக்கறவங்க என்ற ஊட்டைப் பார்த்துத்தான் மதிக்கோணுமுங்களா?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நுழைவாயில் அருகே தகரக் கொட்டகையில் சங்கம் கூடியது. நகரில் கட்டும் எல்லா வீடுகளுக்கும் வெளிப்பூச்சு பூசி வண்ணம் அடிக்க வேண்டும் என்று தலைவர் வாசித்தார். எல்லா வீடுகளுக்கும் ஏற்கெனவே பூச்சு இருந்தது. என் வீட்டுக்கு அப்போது சுவரே எழும்பியிருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்காமல் கையைத் தூக்கினார்கள். பூசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் என் மனைக்கு வந்த பொதுக் குழாயின் வால்வு மூடியிருந்தது. பொது போர் தண்ணீர் குடிக்கவும் புழங்கவும்தானாம், மண்ணில் ஊற்ற இல்லையாம்.

அழுத்தி அடுக்கிய கற்கள் சாக்குக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாரமே, சுவர் எழுப்பும் முன்பாக, மழைநீர்த் தொட்டியைக் கட்டச் சொன்னேன். வீட்டின் முன்பக்கத்துக்கு அடியில் வர வேண்டிய தொட்டி அது. மழை வரும்வரை டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கி நிரப்புவது என்று ஏற்பாடு. முதல் டிராக்டர் வந்த காலையில் யாரோ காரைத் தெருவின் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். யார் கார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டேன்.

“காரை எடுக்கறீங்களா, இல்ல டேங்கரை உங்க கேட்டுக்கு முன்னாலயே தொறந்து உடச் சொல்லட்டுமா?”

எடுத்தார்கள். அன்று சாயங்காலம் வடக்கிலிருந்து கணவர் கூப்பிட்டார். யாரோ அவருக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள்.

“அவங்க கேக்கற மாதிரி பூச்சைப் பூசிட்டுப் போயேன். எதுக்கு ஊரையே பகைச்சுக்கறே?”

“நீங்க அங்க பாறையைப் பகைச்சுக்கிட்டு நிக்கறீங்களே, எதுக்கு?”

“அது பொழப்பு.”

“எனக்கு இது.”

அந்தப் பக்கம் எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு, “சரி, வெயில்ல நிக்காதே” என்று வைத்துவிட்டார்.

வீடு எழும்பியது. செம்மண் நிறச் சுவர், சிவப்புச் சாந்துத் தரை, வடக்கிலும் கிழக்கிலும் பெரிய சன்னல்கள். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கல்வாழைப் பாத்தி வழியாகப் போய் வாழைக்குப் பாய்ந்தன. புதுமனை புகுவிழாவுக்கு எல்லா வீடுகளுக்கும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். நகரிலிருந்து ஒருவரும் வரவில்லை. உறவுக்காரர்கள் சாப்பிட்டது போக அண்டா நிறையச் சோறு மிஞ்சியது. பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் வடநாட்டுக் குடும்பங்களுக்கு அதை அனுப்பிவிட்டேன். அவர்கள் பாத்திரங்களைத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த நாளில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

மண்ணூட்டுக்காரி என்பது என் பெயராயிற்று. பால்காரர் அப்படித்தான் கணக்கு வைத்தார். முதலில் சுருக்கென்றது. பிறகு சமையல் வாயு கொண்டுவருபவருக்கு நானே வழி சொல்ல ஆரம்பித்தேன்: “மண்ணூடு எதுன்னு கேளுங்க, யாரைக் கேட்டாலும் மூஞ்சியைச் சுழிச்சுக்கிட்டுக் காட்டுவாங்க.”

ஒரு வீட்டுப் பகை அந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுவல்ல என்பதைத் தலைவரின் மனைவி வந்தபோது கண்டேன். அந்த அம்மாவுக்கு இரத்த அழுத்தம். கணவர் திருச்செங்கோடு போன வேளையாகப் பார்த்துக் கொல்லைப்புற வழியாக வந்தார்.

“சித்தெ பார்த்துச் சொல்லு சாமி. தலை கிறுகிறுங்குது.”

கருவியைக் கட்டிப் பார்த்தேன். அதிகமாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காக எடுக்கச் சொன்னேன். எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வைகாசி மாதம். வெளியே அனல்.

“ஏசி எங்க வெச்சிருக்கறே?”

“இல்லீங்க.”

அவர் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “அவரு மண்ணூட்டை ஏன் இப்படித் திட்டறாருன்னு தெரியுமா?” என்றார். தலைவர் பையனாக இருந்தபோது அடைமழையில் அவர்கள் வீட்டு மண்சுவர் சரிந்து அவருடைய தாயின் மேல் விழுந்ததாம். இடுப்பு எலும்பு உடைந்து, அந்த அம்மா அதன்பிறகு சாகும்வரை நிமிர்ந்து நடக்கவில்லையாம்.

கேட்டபோது எனக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. என் சுவர் அந்த மாதிரி மண்சுவர் இல்லை என்று அவரிடமே போய் நிதானமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். மறுநாள் காலையில் என் வாசலில் ஒரு மூட்டைக் குப்பை அவிழ்ந்து கிடந்தது. இளகியது திரும்ப இறுகிவிட்டது.

அந்த வருடம் சங்கம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பள்ளத்தில் ஒரு குழாயைப் பதித்து, மண்ணைக் கொட்டி மூடி, மேலே பேவர் கல் பாவி நடைபாதை போடுவது. அதற்குப் ‘பசுமை நடைபாதை’ என்று பெயர். கொட்டகையில் நான் எழுந்தேன்.

“மழைத் தண்ணி எப்படிங்க போகும்?”

“அதான் குழாய் போடறமல்ல?” என்றார் தலைவர்.

“கரட்டுத் தண்ணி மொத்தமும் அந்தக் குழாய்ல அடங்குமுங்களா?”

“கரட்டுல இருந்து தண்ணி எறங்கி எத்தனை காலமாச்சு? உங்க ஊட்டுக்காரரு ஊரூரா போய்ப் போர் போட்டு, பூமிக்குள்ள இருக்கறதையெல்லாம் உறிஞ்சிட்டு வாராரு. நீங்க எங்களுக்குத் தண்ணியைப் பத்திப் பாடம் எடுக்கறீங்களா?”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். காது சுட்டது, ஏனென்றால் அதில் பொய் இல்லை. “அவரு தானாப் போய்ப் போர் போடலீங்க. உங்களை மாதிரி ஆளுக கூப்பிட்டுத்தான் போட்டாரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு நாமக்கல்லுக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஒரு அதிகாரி வந்து பார்த்தார். அளந்து முடிக்கும்வரை பள்ளத்தைத் தொடக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த தொடர் விடுமுறையில், அலுவலகங்கள் பூட்டியிருந்தபோது, சங்கம் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் கல்லைப் பாவிவிட்டது. வாழை மரம் கட்டித் திறப்புவிழாவும் நடத்தினார்கள்.

மனு கொடுத்தவள் நான் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. என் பெயரைப் போட்டு, கையெழுத்தும் போட்டுத்தான் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த பதில்களில் பெயர் இல்லை. தொட்டிக்கு மழைநீர் இறங்கும் குழாயில் யாரோ மணலை அடைத்தார்கள். வேலியோரம் இடுப்புயரம் வளர்ந்திருந்த என் புங்கமரத்தின் இலைகள் ஒரே வாரத்தில் கருகிச் சுருண்டன. அடியில் மண் வெளுத்துப் போயிருந்தது. குனிந்தால் நாசியில் ஏறும் நெடி. லாரி பேட்டரித் தண்ணீர் என்று என் மைத்துனர் பார்த்ததும் சொன்னார். என்னிடம் சாட்சி இல்லை. அதனால் யாரையும் கேட்கவில்லை. பட்ட மரத்தைப் பிடுங்கவும் இல்லை. காலையும் மாலையும் பசுமை நடைபாதையில் நடப்பவர்கள் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கணவர் ஊருக்கு வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே கொட்டியது. கரட்டின் பாறைகளில் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் இறங்குவது எங்கள் சன்னலிலிருந்து தெரிந்தது. நடைபாதைக்கு அடியில் இருந்த குழாயின் வாயில் பிளாஸ்டிக் பைகளும் தென்னை மட்டையும் வந்து அடைத்துக்கொண்டன. அதன்பிறகு நடைபாதை ஒரு கரையாகிவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் திரும்பியது. எங்கள் வீடு பள்ளத்தை ஒட்டியிருந்ததால் முதலில் எங்கள் கேட்டுக்குள் வந்தது. பிறகு கூடத்துக்குள் வந்தது. எதிரே தலைவர் வீட்டில் காரை நிறுத்தத் தரைக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்த இடம் குளமாகிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் காரைத் தள்ளிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குடை பிடிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நடைபாதை மேல் ஏறி முதல் கல்லை நெம்பினேன். அசையவில்லை. மறுபடி குத்தினேன். எதிர்மாடியிலிருந்து தலைவர் சத்தம் போட்டார்.

“அம்மிணி! அது பொதுச்சொத்து! கையை வெச்சீங்கன்னா போலீஸுக்குப் போவேன்!”

“போங்க! தெருவுல பள்ளம் தெரியாது, பார்த்துப் போங்க!”

என் கணவர் அதுவரை வாசலில்தான் நின்றிருந்தார். நாலு பேர் முன்னால் சத்தம் போடுவதென்றால் அவருக்கு உடம்பு கூசும். இறங்கி என்னை நோக்கி வந்தார். வந்து கடப்பாரையைப் பிடித்தார். வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் வருகிறார் என்று நினைத்து நான் விடவில்லை.

“உடு. நீ குத்தற குத்துக்குக் கல்லு ஒடையாது, உன்ற கைதான் ஒடையும். தள்ளி நில்லு.”

கல்லும் கல்லும் சேரும் இடத்தில் நுனியைக் கொடுத்து ஒரு சாய்ப்புச் சாய்த்தார். ஒரு வரிசை அப்படியே எழும்பியது. அடியில் மண் ஏற்கெனவே கரைந்து குழைந்திருந்தது. கொட்டகையில் கைதட்டியவர்களில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்காமல் மண்ணை வெட்டித் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே மிச்சத்தை உடைத்துக்கொண்டது. பாவிய கற்கள், பதித்த குழாய், வாழை மரம் கட்டிய கம்பம் எல்லாம் உருண்டுகொண்டு போயின. தெருவில் நின்ற தண்ணீர் எங்கள் கண்ணெதிரே வற்றியது. எனக்கு அப்போது வந்த மகிழ்ச்சி நல்ல மகிழ்ச்சி இல்லை. தலைவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பலர் என் வீட்டைப் பார்க்க வந்தார்கள். உதவிக்கு அல்ல. கரைந்துவிட்டதா என்று பார்க்க. வேலிக்கு வெளியே நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார்கள். கருங்கல்லுக்கு மேல் முதல் வரி கல் ஓதமேறிக் கறுத்திருந்தது. தென்மேற்கு மூலையில் மட்டும் சில கற்களின் முகம் உதிர்ந்திருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. அந்த மூலையைக் காட்டி ஒருவர், “பாத்தீங்களா, ஆரம்பிச்சுருச்சு” என்றார். சேலத்துப் பொறியாளர் வந்து, கருங்கல்லை இன்னும் ஒரு வரி உயர்த்தியிருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டு, சுண்ணாம்புச் சாந்து வைத்து அதைச் சரிசெய்தார்.

சொன்னபடியே தலைவர் புகார் கொடுத்திருந்தார். காவல் நிலையத்தில் நானும் கணவரும் ஒரு பெஞ்சில், அவரும் மகனும் எதிர்ப் பெஞ்சில்.

“ஏம்மா ஒடைச்சீங்க?” என்றார் ஆய்வாளர்.

“ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுங்க.”

“சொல்லிட்டு ஒடைச்சிருக்கலாமே?”

“சொல்லிட்டுத்தானுங்க ஒடைச்சேன். அவரு மாடியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏரிக்குக் கீழே காடு கழனி வைத்திருக்கும் விவசாயிகள் கூட்டமாக வந்துவிட்டார்கள். பள்ளத்தை மூடி ஏரிக்கு வரும் தண்ணீரை மறித்தது யார் என்று கேட்டு வந்தவர்கள். தலைவரின் குரல் அதற்குப் பிறகு எழும்பவில்லை. இரண்டு தரப்பையும் சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பினார்கள். சில வாரங்களில் அளவெடுத்து, பொக்லைனை விட்டுப் பள்ளத்தைத் தூர்வாரினார்கள். நாங்கள் சமாதானமாகவெல்லாம் போகவில்லை. நகரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அதில் காலை வணக்கப் படங்களைத் தவிர நான் இழந்தது எதுவும் இல்லை.

போன வருடம் மனை விற்றவர் திரும்பி வந்தார். பள்ளத்துக்கு அக்கரையில் இரண்டாம் கட்ட மனைப்பிரிவு. தலைவரும் அதில் பல மனைகளைப் பிடித்துவைத்திருந்தார். பேருந்து நிறுத்தத்தில் பெரிய பலகை எழுந்தது. வேலை முடிந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பலகையில் இருந்தது என் வீடு. கொடியில் காயும் என் சேலையோடு. மேலே ‘மண்ணோடு வாழ்வோம், மரபோடு வாழ்வோம்’ என்று எழுதியிருந்தது. அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

“உங்க ஊடு நம்ம நகருக்கே பெருமைங்க” என்றார் விற்றவர்.

“என்னைக் கேட்டீங்களா?”

“கேக்கோணுமுங்களா? தெருவுல இருந்துதானே எடுத்தோம்.”

இறக்கச் சொன்னேன். இறக்கவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து ஒரு வேன் வந்து என் வாசலில் நின்றது. மனை பார்க்க வந்த குடும்பங்கள் இறங்கின. தலைவர் முன்னால் வந்து கேட்டைத் தட்டினார். நடைபாதையை உடைத்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அன்றுதான். குரலில் சர்க்கரை.

“அம்மிணி, ஒரு அஞ்சு நிமிசம். உள்ள வந்து பார்த்துட்டுப் போயிருவாங்க.”

“மண்ணூட்டுல பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது?”

“அட, பழசெல்லாம் எதுக்கு இப்ப?” கேட்டை நெருங்கி, மெதுவாக, “வந்தவங்க முன்னால அசிங்கப்படுத்தாதீங்க” என்றார்.

நான் அவரைத் தாண்டி, நின்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். “இந்தப் படத்தை என்னைக் கேக்காம போட்டிருக்கறாங்க. இந்த ஊட்டுக்கும் இவங்க விக்கற மனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. இது கட்டறப்பத் தண்ணியை நிறுத்துனவங்க இவங்க. அதோ தெரியற பள்ளத்தை மூடுனவங்களும் இவங்கதான். பார்த்து வாங்குங்க.” சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் தலைவர் என்னைச் சொன்ன ஒரு சொல்லும் கேட்டது. அதை எழுத வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அந்த வேனில் வந்திருந்த பெண் ஒருத்தி தனியாக டவுன் பஸ்ஸில் வந்து கேட்டருகே நின்றாள்.

“போன வாரம் வந்தேனுங்க. நீங்க வெரட்டி உட்டுட்டீங்க.”

“இப்ப எதுக்கு வந்தீங்க?”

“ஊட்டைப் பாக்கத்தானுங்க.”

அவள் கேட்ட விதத்தில் குழைவே இல்லை. அது எனக்குப் பிடித்தது. திறந்துவிட்டேன். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கறையான் வருமா, ஆணி அடிக்க முடியுமா, மாமியார் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டாள். கடைசிக் கேள்வியை மாமியாரிடமே கேட்கச் சொன்னேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாகக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. “அதை வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு வாரீங்க?” என்று கேட்டு, பொறியாளரின் எண்ணைக் கொடுத்து அனுப்பினேன். அங்கே இப்போது சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. கையில் வந்த கிராக்கியை நான் கலைத்துவிட்டேன் என்று தலைவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மைதான், கலைத்தேன்.

பலகையில் படம் மாறிவிட்டது. இப்போது அங்கே எந்த நாட்டு வீடோ ஒன்று நிற்கிறது. பின்னால் பனிமலை.

கணவருக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. போன மாதம் ஃபோனில், “வித்துட்டு வேற பக்கம் போயிரலாமா? எதுக்குத் தினமும் இந்த மூஞ்சிகளைப் பார்த்துக்கிட்டு?” என்றார்.

“நான் எதுக்குப் போகோணும்? போறவங்க போகட்டும்.”

“அவங்க போகமாட்டாங்க.”

“அப்ப இருக்கட்டும். நானும் இருக்கறேன்” என்றேன். இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டு, வண்டியை எடுத்தேன். தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் என் விளக்கு வெளிச்சம் பட்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வேகத்தைக் குறைக்காமல் போனேன்.